இடைக்காலத் தேர்தலும் தென் தாலூகாக்களும்

ஒரு ராஜ்யத்தின் சட்டசபை ஐந்து வருஷம் நிறையுமுன் கலைக்கப்பட்டு, நடுவே தேர்தல் வருமாயின், அதில் அமையும் புதிய சபை எஞ்சியுள்ள காலத்துக்கு மாத்திரமே உயிருடனிருக்க வேண்டும் என்று விதிக்கும் மசோதா ஒன்று 2024 டிசம்பர் 17-ந் தேதி லோகசபையில் கொண்டுவரப்பட்டது. அரசியல் சட்டத்தின் 129-வது திருத்த மசோதா என்பது அதன் பெயர். பிரேரேபிப்பதற்கே ஓட்டெடுக்க நேர்ந்து, 269 பேர் ஆதரித்தும் 198 பேர் எதிர்த்தும் ஓட்டளித்தனர். பின்னர் அது இரு சபைகளின் கூட்டுக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. லோகசபைக்கும் ராஜ்ய சபைகள் யாவற்றுக்கும் ஒரே காலத்தில் தேர்தல் நடத்துவதே மசோதாவின் நோக்கமென்பது வாசகர்கள் அறிந்ததே.

இதைக் குறித்து நடக்கும் வாதங்களில் செலவுக் கணக்கும், அதிகாரிகளுக்கு உண்டாகும் அலுப்பும், கட்சிகளின் லாப நஷ்டமுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. நாஞ்சில் நாட்டார் இம்மசோதாவை வேறொரு கண்கொண்டு பார்க்கக் காரணமுண்டு. நமது ஜில்லா பிறந்த கதையின் நடுவில் ஓர் இடைக்காலத் தேர்தல் நிற்கிறது. 1954 பிப்ரவரியில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமெங்கும் நடந்த அத்தேர்தலைப் பற்றி இன்று பேசுவோர் சிலரே. 1956 நவம்பர் 1-ந் தேதியை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம்; அதற்கு வழி திறந்த ஓட்டுச் சீட்டை மறந்துவிடுகிறோம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1-ந் தேதி ஒரே ராஜ்யமாக இணைக்கப்பட்டன. தலைநகர் திருவனந்தபுரமாயிற்று; ஹைகோர்ட்டு எர்ணாகுளத்துக்குப் போயிற்று. நாகர்கோவிலில் வழக்கை இழந்த குடியானவன் அப்பீலுக்காக எர்ணாகுளம் வரையில் போகவேண்டும். போனால் அங்கே அவன் கட்சியை அவன் பாஷையில் கேட்பாரில்லை. இதை அற்ப அசௌகரியம் என்று அந்நாளில் ஒதுக்கித் தள்ளினவர்கள் உண்டு. கோர்ட்டுக் கச்சேரியில் தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் குமாஸ்தாவின் முகத்தையே பார்த்து நிற்கும் கட்சிக்காரனைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலூகாக்களும், செங்கோட்டையும், மலைமேலுள்ள தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்களும் தமிழ்நாட்டுடன் சேரவேண்டும் என்ற கிளர்ச்சி இத்தகைய அன்றாடச் சங்கடங்களிலிருந்தே வலுப்பெற்றது. அதைக் கட்சியாக உருவாக்கி நடத்தியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர்களில் முதன்மையாய் நின்ற ஸ்ரீ நேசமணி நாகர்கோவில் வக்கீல். 1952-ல் அவர் நாகர்கோவில் தொகுதியின் பிரதிநிதியாக லோகசபைக்குச் சென்றார்.

அந்த முதல் பொதுத்தேர்தலில் ராஜ்ய சட்டசபையின் 108 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு 44 கிடைத்தன. தமிழ்நாடு காங்கிரஸுக்கு 8. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தபடியால் அக்கட்சியார் சுயேச்சைகளாக நின்று கணிசமான தொகையில் வெற்றி பெற்றிருந்தனர். 1952 மார்ச்சில் ஸ்ரீ ஏ. ஜே. ஜான் மந்திரிசபை அமைத்தபோது எட்டுத் தமிழ் அங்கத்தினர்களின் தோள்மேல்தான் அது நின்றது. ஸ்ரீ சிதம்பரநாதன் மந்திரியுமானார். ஒன்றரை வருஷம் கழிந்தது. தாலூகாக்களின் பிரச்னை இருந்த இடத்திலேயே இருந்தது. மந்திரி பதவி ஒன்றைக் கொடுத்துவிட்டால் கோரிக்கை தானே ஆறிப்போகும் என்று திருவனந்தபுரத்தார் எண்ணினார்கள் போலும். 1953 செப்டம்பரில் தமிழ்நாடு காங்கிரஸ் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. மந்திரிசபை விழுந்தது.

இங்கே சட்ட நுட்பம் ஒன்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சபையில் தோற்ற மந்திரிசபை, "சபையைக் கலைத்துவிடுங்கள்" என்று ராஜப்பிரமுகருக்கு ஆலோசனை கூறியது. ராஜப்பிரமுகர் அதை ஏற்றுக்கொண்டார். அதே மந்திரிசபை தேர்தல் முடியும் வரையில் பதவியிலும் இருந்தது. சபையின் நம்பிக்கையை இழந்தவர்களின் ஆலோசனை சபையையே கொல்லும் ஆயுதமாகலாமா என்று அந்நாளில் எழுந்த கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்று சொல்லுவோம். அடுத்த வருஷம் ஆந்திர ராஜ்யத்தில் ஸ்ரீ பிரகாசம் மந்திரிசபை ஒரே ஓட்டில் விழுந்தபோது, ஜனாதிபதி ஆட்சி ஏற்பட்டு, டில்லியின் மேற்பார்வையில் 1955 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. இரண்டு வழிகளிலும் குறையுண்டு. இரண்டிலும் ஜனங்களிடம் திரும்பிப் போகவேண்டிய கட்டாயமும் இருந்தது, தாமதமும் அதிகமில்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் தீர்மானத்துக்கும் தேர்தலுக்கும் இடையே சென்றது ஐந்து மாதமே.

அந்த ஐந்து மாதத்துக்குள் டில்லியில் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. ஆந்திர ராஜ்யம் கோரி உண்ணாவிரதமிருந்த ஸ்ரீ பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் துறந்த பிறகு, பாஷாவாரி ராஜ்யங்களைப் பற்றிய பேச்சை அடக்கி வைக்க எவராலும் முடியவில்லை. 1953 டிசம்பர் 22-ந் தேதி ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் அமைக்கப்படுமென்று பண்டித நேரு பார்லிமெண்டில் அறிவித்தார். ஸ்ரீ பசல் அலி, பண்டித குன்ஸ்ரு, சர்தார் பணிக்கர் ஆகிய மூவர் அதன் அங்கத்தினர்கள். "எல்லைகளைக் கமிஷன் பார்த்துக்கொள்ளும், தேர்தலில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பதே அதன்பின் காங்கிரஸ் பிரசாரகர்களின் வாதமாக இருந்தது. இவ்வாதம் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் கமிஷன் முன் சாட்சி சொல்வதற்கு ஒரு ஜில்லா ஜனத்தொகைக்கு ஓட்டைவிடச் சிறந்த வாக்குமூலம் எது? மகஜர்களில் கையெழுத்து வாங்கலாம். பொய்க் கையெழுத்து என்று எதிரி சொல்லுவான். கூட்டம் கூட்டலாம், கூலிக்கு வந்த கூட்டம் என்பான். பெட்டியில் விழுந்த சீட்டை அப்படிச் சொல்ல வழியில்லை.

கும்பப்பூ அறுவடையை ஒட்டிய நாட்களில் அத்தேர்தல் நடந்தது. சபையின் ஸ்தானங்கள் 117 ஆக உயர்ந்திருந்தன. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்டுகள் 9, கேரள சோஷலிஸ்டுகள் 3, சுயேச்சைகள் 6 என்று முடிவு வந்தது. எட்டு பன்னிரண்டாயிற்று. மந்திரிசபையைக் கவிழ்த்து ஊருக்குச் செலவு வைத்தவர்களை ஜனங்கள் தண்டிப்பார்கள் என்று ஆரூடம் சொன்னவர்களுக்கு இது பதிலாக வந்தது.

வாசகர்கள் மேற்படி எண்களைச் சற்றுக் கூட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெரும்பான்மைக்கு வேண்டியது 59. காங்கிரஸின் 45 உடன் தமிழரின் 12 சேர்ந்தால் 57. சுயேச்சைகளில் இருவர் போதும், மந்திரிசபை அமைந்துவிடும். இடதுசாரிக் கட்சிகள் நான்கும் ஒன்று சேர்ந்தாலும் 54-க்கு மேல் போகவில்லை. ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் தராசின் முள் தென் தாலூகாக்களின் கையில் இருந்தது. பன்னிரண்டு பேரின் விலையோ பணமுமல்ல, பதவியுமல்ல; பிரியவேண்டும் என்பதே. அந்த விலையைக் கொடுக்கக் காங்கிரஸ் மனங்கொள்ளவில்லை. கம்யூனிஸ்டுகளைப் பதவிக்கு வராமல் தடுக்கவேண்டும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே 45 பேர் கொண்ட கட்சி வெளியே உட்கார்ந்துகொண்டு, 19 பேர் கொண்ட கட்சிக்கு முட்டுக்கொடுத்தது. 1954 மார்ச் 16-ந் தேதி ஸ்ரீ பட்டம் தாணுப்பிள்ளை முதன் மந்திரியானார். நூற்றுப்பதினேழில் பத்தொன்பது! ஜனங்கள் மூன்றாவது இடத்தில் வைத்த கட்சி அரசாண்டது. சட்டப்படி இதில் குற்றமில்லை. சபையில் எதிர்ப்பில்லாத மந்திரிசபை எவ்வளவு சிறியதானாலும் சட்டமான மந்திரிசபையே. ஆயினும் ஆதரிப்பவனுக்குப் பொறுப்பில்லை, ஆள்பவனுக்குப் பலமில்லை என்ற இந்த ஏற்பாட்டின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதே கேள்வி.

அது நம் தலையில் விழுந்தது. ஓட்டினால் கேட்டது கிடைக்காதபோது ஜனங்கள் தெருவுக்கு வருவது இயல்பு. அவ்வருஷம் ஜூலையில் தேவிகுளத் தோட்டத் தொழிலாளரின் துயரைக் காண மலைக்குச் சென்ற ஸ்ரீ நேசமணி முதலிய தலைவர்கள் தடையுத்தரவை மீறியதாகக் கைது செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 11-ந் தேதி விடுதலை தினமாக அனுஷ்டிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டனர். உயிர்கள் மாண்டன. அந்த ஊர்களில் எழுப்பப்பட்டுள்ள நினைவுச் சின்னங்களை நம் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். தொடுவெட்டிச் சந்தைக்குப் போகும் வழியில் நின்று படித்தவர்களும் இருப்பார்கள்.

சுட்டது எவருடைய சர்க்கார்? சுட்டுக்கொல்வதை ஆட்சிமுறையாகக் கொள்ளக்கூடாது என்று தேசமெங்கும் பிரசங்கம் செய்த சோஷலிஸ்டுகளின் சர்க்கார். அக்கட்சியின் பொதுக் காரியதரிசியான டாக்டர் ராம் மனோகர் லோகியா அப்போது வேறொரு கிளர்ச்சியின் காரணமாக ஐக்கிய மாகாணத்துப் பழம்பெயர் மாறிய உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்தார். அங்கிருந்தே, பட்டம் மந்திரிசபை ராஜிநாமாச் செய்யவேண்டும் என்று தந்தி கொடுத்தார். நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சி மாநாடு அவர் பக்கம் சாயவில்லை. தன் கட்சி நடத்திய ஒரே மந்திரிசபையை அதன் பொதுக் காரியதரிசியே விலகச் சொன்னது இந்திய அரசியலில் அபூர்வம். அதற்காக அவர் கட்சியையும் இழந்தார். 1955 முடிவில் அவர் தனிக்கட்சி கண்டார். மார்த்தாண்டத்தில் வெடித்த குண்டு அகில இந்திய சோஷலிஸ்டுக் கட்சியையே இரண்டாகப் பிளந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. டாக்டர் லோகியாவின் மற்றக் கொள்கைகளில் நமக்கு எத்தனையோ அபிப்பிராய பேதங்கள் உண்டு. இந்த ஒரு காரியத்துக்காக நாஞ்சில் நாடு அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறது. இதுவரையில் பாராட்டியதாகத் தெரியவில்லை.

1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபை விழுந்தது. அதே சபையில், அதே எண்களைக் கொண்டு, ஸ்ரீ பனம்பிள்ளி கோவிந்த மேனன் காங்கிரஸ் மந்திரிசபை அமைத்தார். யாருடைய ஆதரவால்? தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவால். 1954 மார்ச்சில் செய்யக்கூடாதென்று தள்ளியதைப் பதினொரு மாதம் கழித்துச் செய்தார்கள். இடையில் மாறியது எண்ணல்ல. மார்த்தாண்டமும் புதுக்கடையும் இடையில் வந்திருந்தன, அவ்வளவே. இந்தப் பதினொரு மாதத்துக்கு விலை கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கு எந்தக் கட்சியும் இதுவரையில் விளக்கம் சொல்லவில்லை.

கமிஷனின் அறிக்கை 1955 செப்டம்பர் 30-ந் தேதி சமர்ப்பிக்கப்பட்டது. தென் தாலூகாக்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துடன் சேரவேண்டும் என்று சிபாரிசு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் மறுக்கப்பட்டன. மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்க வந்தவர்களின் தொகையைக்கொண்டு எல்லை வகுக்கலாகாதென்றும், அம்மலைப் பிரதேசம் ராஜ்யத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாததென்றும் காரணம் கூறப்பட்டது. நெய்யாற்றின்கரைப் பகுதியும் கிடைக்கவில்லை. கமிஷனின் மூவரில் ஒருவரான சர்தார் பணிக்கர் மலையாளி. தென் தாலூகாக்களைப் பொறுத்தவரையில் அவரும் சேர்ந்தே கையொப்பமிட்டார் என்பதை, மலையாளிகளெல்லாம் நமக்கு விரோதிகள் என்று இன்றும் மேடையில் பேசுவோர் நினைவில் வைத்தல் நலம். கமிஷன் மறுத்ததன் பலனை நாம் இன்னும் அனுபவிக்கிறோம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004 முதல் நிறுத்தப்பட்டது. முல்லைப் பெரியாறு அணை நிற்கும் இடம் பீர்மேடு தாலூகா. எல்லைக்கோடு வரைந்த மை காகிதத்தில் உலர்ந்துவிட்டது, வாய்க்காலில் உலரவில்லை.

இதற்குள் திருவனந்தபுரத்தில் மறுபடியும் மந்திரிசபை ஆடியது. தாலூகாக்களைக் கொடுப்பதை எதிர்த்துக் காங்கிரஸ் அங்கத்தினர்களில் ஆறு பேர் விலகினார்கள். பனம்பிள்ளி மந்திரிசபை 1956 மார்ச்சில் முடிந்தது. இம்முறை தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி ஆட்சி வந்தது, சபை கலைந்தது. ராஜ்யப் புனரமைப்புச் சட்டம் அவ்வருஷம் ஆகஸ்டில் நிறைவேறியபோதும், நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தபோதும், திருவனந்தபுரத்தில் சட்டசபையே இல்லை. சேருகிறவர்களுக்கும் பிரிகிறவர்களுக்கும் அந்தச் சபையில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லாமலே காரியம் முடிந்தது. நமக்குச் சாதகமான முடிவு ஆனபடியால் நாம் முறையைப் பற்றி முணுமுணுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் முணுமுணுத்திருக்கவேண்டும்.

இப்போது மசோதாவுக்கு வருவோம். 1952-ல் அமைந்த சபையின் காலம் 1957 வரையில். மசோதா சொல்கிறபடி அந்நாளில் விதி இருந்திருந்தால், 1954 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மூன்று வருஷத்துக்கே உரியதாகியிருக்கும். "அதனாலென்ன? உள்ளபடியே அச்சபை இரண்டு வருஷம்தானே இருந்தது?" என்று மசோதாவை ஆதரிப்பவர் கேட்கலாம். கேட்பது நியாயம். நம்முடைய கவலை சபையின் ஆயுளைப் பற்றியதல்ல. தேர்தல் நடக்குமா, நடக்காதா என்பதைப் பற்றியது. மூன்று வருஷம் மிச்சமிருந்தால் நடத்துவார்கள். ஒன்றரை வருஷமே மிச்சமிருந்தால்? ஒன்றரை வருஷத்துச் சபைக்காக ஒரு ராஜ்யம் முழுவதும் ஓட்டெடுப்பதைவிட, கவர்னரைக் கொண்டு ஆண்டுவிட்டுப் போகலாம் என்று டில்லிக்குத் தோன்றாதா? 1956 மார்ச்சில் நடந்தது இதுவே. அது அன்று விசேஷ சந்தர்ப்பம். மசோதா நிறைவேறினால் அதுவே வழக்கமாகிவிடும் என்பது நம் அச்சம்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறார்கள், தேதி தவறாமல் தேர்தல் நடக்கிறதே என்கிறார்கள். நடக்கிறது. நம் ராஜ்யத்தில் பட்டம் மந்திரிசபை தத்தளித்துக்கொண்டிருந்த 1954 நவம்பர் 2-ந் தேதி, ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் பதவிக் காலத்தின் நடுவில் அமெரிக்காவில் தேர்தல் நடந்தது. காங்கிரஸின் இரு சபைகளிலும் எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகள் பெரும்பான்மை பெற்றனர். நியூயார்க் ராஜ்யத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளில் சுமார் 11,000 வித்தியாசத்தில் ஹாரிமன் கவர்னரானார். ஜனாதிபதியோ தம் ஆசனத்தில் அசையாமல் வீற்றிருந்தார். அங்கே நிர்வாகத் தலைவர் சபையின் நம்பிக்கையால் வாழ்பவரல்லர். கவர்னரின் காலமும் சபையின் காலமும் சட்டத்தால் கட்டப்பட்டவை. சபையைக் கலைக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆகவே அவர்களுடைய நடுக்காலத் தேர்தல் பஞ்சாங்கத்தில் குறித்த திருவிழா. நம்முடையது மந்திரிசபை விழும்போது வரும் தேர்தல். பிரிட்டிஷ் முறையில் மந்திரிசபையை வைத்துக்கொண்டு, அமெரிக்க முறையில் தேதியை வைத்துக்கொள்வதென்றால், இரண்டில் ஒன்று முறியும். எது முறியும் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டுவதில்லை. சபையின் முன் மந்திரிகளுக்குள்ள பயம்தான் முதலில் முறியும்.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். எட்டுப் பேர் விலகியதால் ஒரு ராஜ்யம் முழுவதும் தேர்தலுக்குப் போகவேண்டி வந்தது. இது சிறு கட்சிகளின் கொடுங்கோன்மை என்று 1953-ல் சொன்னவர்கள் வெறும் விரோதத்தால் சொல்லவில்லை. தங்கள் ஊர்க் காரியத்துக்காக மற்ற நூறு தொகுதிகளையும் அலைக்கழிப்பது நீடித்த முறையாகிவிட்டால் அரசு நடக்காது. ஒரு மந்திரி பதவிக்காக மந்திரிசபைகளைக் கவிழ்த்த சிறு குழுக்களைப் பிற்காலத்தில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த எட்டுப் பேர் பதவியிலிருந்து இறங்கி வந்து ஜனங்களிடம் கணக்குக் கொடுத்தார்கள். ஜனங்கள் அக்கணக்கை ஏற்றுப் பன்னிரண்டாக்கி அனுப்பினார்கள். கட்சி மாறி மந்திரியாகிறவனையும், கொள்கைக்காக மந்திரி பதவியை விடுகிறவனையும் ஒரே தேர்தல்தான் பிரித்துக் காட்டும். அதை எட்டாத தேதிக்குத் தள்ளிவைத்தால் இருவரும் ஒரே தொகையில் எழுதப்படுவார்கள்.

கூட்டுக் கமிட்டியாரின் முன் நம் பிரதிநிதிகள் வைக்கவேண்டிய கேள்வி இதுவே. சபை கலைந்தபின் இத்தனை மாதத்துக்குள் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை, மிச்சக்காலம் எவ்வளவு குறுகியதானாலும், மசோதாவில் எழுதச் சம்மதிப்பார்களா? எழுதுவார்களாயின் நம் ஆட்சேபத்தில் பாதி குறையும். எழுத மறுப்பார்களாயின், தேர்தலை ஒழுங்குபடுத்துவது நோக்கமா, தேர்தலைத் தவிர்ப்பது நோக்கமா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. கன்னியாகுமரி ஜில்லாவிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருப்பவரும், அடுத்த ஜில்லாக்களின் அங்கத்தினர்களும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், 1954 பிப்ரவரியின் ஓட்டுக் கணக்கையும் 1956 மார்ச்சின் உத்தரவையும் அருகருகே வைத்து இக்கேள்வியை எழுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.